பழைய புகையிலையில் சுருட்டிய சிகார்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

கேட்டவர் ஒரு விமான நிலையக் கடையில் ‘ராக்கி படேல் வின்டேஜ் 1990’ என்று பட்டை போட்ட சிகாரைப் பார்த்திருக்கிறார். பக்கத்திலேயே ஆண்டு எதுவும் போடாத சிகார்கள் விலை குறைவாக இருந்திருக்கின்றன. “பழைய புகையிலை என்பதற்காகக் கூடக் கொடுக்கலாமா? அதில் அப்படி என்ன இருக்கிறது? இதுவரை திருச்சி சுருட்டு மட்டும்தான் எப்போதாவது பிடித்திருக்கிறேன்” என்று கேட்கிறார்.

சிலவற்றுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், பலவற்றுக்கு வேண்டாம். இலையை வருடக்கணக்கில் இருப்பு வைத்தால் அதில் சேர்வதைவிடக் கழிவதுதான் அதிகம். காரல் கழியும், நெடி கழியும், கசப்பு கழியும். ஆனால் கூடவே வீரியமும் கொஞ்சம் கழியும். இவ்வளவும் போன பிறகு மிச்சம் நிற்கிற அளவுக்கு அந்த இலையில் முதலிலேயே சரக்கு இருந்ததா என்பதைப் பொறுத்துத்தான் விலை தகுமா தகாதா என்று சொல்ல முடியும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பட்டையில் இருக்கிற 1990. அது சிகார் சுருட்டிய வருடம் இல்லை, இலை விளைந்த வருடம். அதுவும் எல்லா இலையும் இல்லை. கையால் செய்கிற சிகாரில் மூன்று அடுக்கு உண்டு. உள்ளே நீளவாக்கில் மடித்து வைத்த இலைகள் ஃபில்லர், அவற்றைப் பிடித்துக் கட்டுகிற இலை பைண்டர், வெளியே கண்ணுக்குத் தெரிகிற மெல்லிய, அழகான இலை ரேப்பர். ராக்கி படேல் இந்திய வம்சாவளி அமெரிக்கர். ஹாலிவுட்டில் வக்கீலாக இருந்து, 1990களின் நடுவில் சிகார் தொழிலுக்கு வந்தவர். அவருடைய வின்டேஜ் 1990 வெளிவந்தபோது அதன் சிறப்பாகச் சொல்லப்பட்டது ஹோண்டுராஸில் விளைந்து 12 வருடம் இருப்பில் கிடந்த பிராட்லீஃப் ரேப்பர். வின்டேஜ் 1992-க்கு ஈக்வடாரில் விளைந்த சுமத்ரா வகை இலை, 10 வருடம். வின்டேஜ் 1999-க்கு கனெக்டிகட் இலை, 7 வருடம். அதாவது ஆண்டு சொல்லப்படுவது ரேப்பருக்கு. உள்ளே இருக்கிற ஃபில்லர் 1990-இல் விளைந்தது என்று யாரும் சொல்லவில்லை, வாங்குகிறவர்கள்தான் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒயினில் இந்தக் குழப்பம் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் புட்டியின்மேல் ஓர் ஆண்டைப் போட்டால் குறைந்தது 85 சதவீதமாவது அந்த ஆண்டுத் திராட்சையாக இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சிகாருக்கு அப்படி ஒரு பொது விதி கிடையாது. ‘வின்டேஜ்’, ‘ஏஜ்டு’, ‘ரிசர்வ்’ என்று எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். கியூபாவின் ஹபானோஸ் நிறுவனம் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட கணக்கு ஓரளவு தெளிவாக இருக்கிறது. அவர்கள் ‘ரெசெர்வா’ என்று போட்டால் மூன்று அடுக்கு இலையும் குறைந்தது 3 வருடம் இருப்பில் இருந்தவை. ‘கிரான் ரெசெர்வா’ என்றால் 5 வருடம். எந்த ஆண்டு அறுவடை என்பதையும் சொல்லிவிடுவார்கள். அவர்களுடைய கோஹிபா பிராண்டில் வந்த சிக்லோ 6 கிரான் ரெசெர்வா 2003 அறுவடையில் செய்தது, கடைக்கு வந்தது 2009-இல். அவர்களிடமே ‘அனெஹாதோஸ்’ என்று வேறொரு வகையும் உண்டு. அதில் இலைக்கு வயதில்லை, சிகாருக்குத்தான் வயது. சுருட்டிய பிறகு பெட்டிக்குள்ளேயே 5 முதல் 8 வருடம் வைத்திருந்து விற்பது. பழைய இலையில் புதிதாகச் சுருட்டியது ஒன்று, புதிதாகச் சுருட்டிப் பழசாக்கியது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு சுவை. கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசினால் உஷாராகுங்கள்.

சரி, இருப்பில் கிடக்கும்போது இலைக்குள் என்ன நடக்கிறது? அதற்கு முன்னால் நடப்பதிலிருந்து தொடங்க வேண்டும். அறுத்த இலையைக் கொட்டகையில் கம்புகளில் கோத்துத் தொங்கவிட்டு, நெருப்புச் சூடு இல்லாமல் காற்றிலேயே உலர விடுவார்கள். ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதம் ஆகும். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகும். இப்படி மெதுவாக உலர்வதால் இலையில் இருக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையும் பெரும்பாலும் செலவழிந்துவிடும். சிகரெட்டுக்குப் போகும் வெர்ஜினியா இலையைச் சூட்டறையில் வைத்துச் சில நாளிலேயே உலர்த்திவிடுவதால் அதில் சர்க்கரை தங்கிவிடுகிறது. அதனால்தான் அந்தப் புகை அமிலத்தன்மை உள்ளது, சிகார் புகை அதற்கு நேர்மாறு. இந்த வித்தியாசத்தால் சிகாரின் நிகோடின் வாயின் உள்தோல் வழியாகவே உடம்பில் ஏறிவிடும். சிகாரை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயிலேயே வைத்திருந்து ஊதுவது வெறும் நாகரிகத்துக்காக என்று நினைக்க வேண்டாம்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. உலர்ந்த இலைகளை ஈரப்படுத்தி, கட்டுக்கட்டாக ஆள் உயரத்துக்கு அம்பாரமாக அடுக்குவார்கள். லத்தீன் அமெரிக்காவில் இதற்கு பிலோன் என்று பெயர். மேலே உள்ள எடை அழுத்த, உள்ளே உள்ள ஈரம் புழுங்க, அம்பாரத்தின் நடுவில் தானாகவே சூடு பிறக்கும். வெளியிலிருந்து ஒரு பொறி நெருப்பும் கிடையாது. நடுவில் நீளமான வெப்பமானி ஒன்றைச் செருகி வைத்துத் தினமும் பார்ப்பார்கள். சூடு 45 டிகிரி செல்சியஸ் பக்கம் ஏறியதும் மொத்த அம்பாரத்தையும் பிரித்து, உதறி, உள்ளே இருந்தது வெளியே, வெளியே இருந்தது உள்ளே என்று மாற்றி அடுக்குவார்கள். கனத்த இலைக்கு இன்னும் கொஞ்சம் சூடு விடுவது உண்டு. விட்டுவிட்டால் இலை வெந்து கரியாகிவிடும், அவசரப்பட்டுப் பிரித்தால் பச்சை வாடை போகாது. மாதக்கணக்கில் இதே வேலை திரும்பத் திரும்ப நடக்கும். அந்தக் கூடத்தில் நின்றால் கண் எரிந்து நீர் கொட்டும். இலையின் புரதம் சிதைந்து அம்மோனியாவாக வெளியேறுகிற நெடி அது. இந்த அம்மோனியா முழுதாகப் போகாத இலையில் சுருட்டியதுதான் மூக்கில் சுருக்கென்று ஏறித் தொண்டையைக் கமற வைக்கும் சிகார்.

புழுங்கி முடிந்த இலையைச் சணல் சாக்கில் பொதியாகக் கட்டிக் கிடங்கில் அடுக்குவார்கள். கியூபாவில் ரேப்பர் இலையை மட்டும் ராயல் பாம் மரத்தின் மட்டையில் பொதிவது வழக்கம். இருப்பு வைக்கிற காலம் இங்கிருந்து தொடங்குகிறது. அம்பாரத்தில் சூட்டோடு வேகமாக நடந்த அதே மாற்றங்கள் இப்போது மிக மெதுவாக நடக்கும். மிச்சமிருந்த அம்மோனியா ஆவியாகும். நிகோடின் ஓரளவு குறையும். இலையின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோட்டினாய்டுகள் உடைந்து, பூவும் பழமும் மரமும் கலந்தாற்போல மணக்கும் பொருள்களாக மாறும். சமையலுக்குப் புது அரிசியைவிடப் பழைய அரிசி ஏன் நல்லது என்று தெரிந்த வீட்டில் இதை விளக்கவே வேண்டாம். நெல் இருந்தால்தான் பழைய அரிசி, பதரை எத்தனை வருடம் வைத்தாலும் பதர்தான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ருசியைக் கொடுக்கிற இதே உலர்த்தலிலும் புழுக்கத்திலும்தான் புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் இலையில் கூடுகின்றன. வயதான இலை தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்பதால் உடம்புக்கும் இதம் என்று அர்த்தமில்லை. பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் இருக்கிற அளவு புகையிலைகூட இருக்கலாம். நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய் மூன்றுக்கும் ஆபத்து உண்டு. புகை பழக்கம் இல்லாதவர் யாரும் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். எப்போதாவது ஒன்று பிடிக்கிறவர், அந்த ஒன்று நல்லதாக இருக்கட்டும் என்று நினைப்பவருக்காகத்தான் எழுதுகிறேன்.

எல்லா இலைக்கும் வயது ஒத்துக்கொள்ளாது. ஒரே செடியில் அடியில் இருக்கிற இலை வொலாடோ: லேசானது, நன்றாகப் பற்றும், சுவை குறைவு. நடுவில் செக்கோ: மணம் இதில்தான். உச்சிக்குப் பக்கத்தில் லிகெரோ: வெயிலை முழுக்க வாங்கியது, தடித்தது, எண்ணெய்ப் பசையுள்ளது, மெதுவாக எரியும், வீரியம் அதிகம். சில செடிகளில் மட்டும் உச்சியில் மெதியோ தியெம்போ என்று இரண்டு சின்ன இலைகள் வரும். 2010-இல் கோஹிபா பெஹிகே வெளிவந்தபோது இந்த இலையைச் சேர்த்ததுதான் அதன் பெரிய சிறப்பாகப் பேசப்பட்டது. கால இருப்பு அதிகம் தேவைப்படுவதும், அதனால் அதிகம் பலனடைவதும் லிகெரோவும் அதற்கு மேலுள்ளதும். கியூபாவில் லிகெரோவைக் குறைந்தது இரண்டு வருடமாவது வைத்திருந்துதான் எடுப்பார்கள். வொலாடோவைப் பத்து வருடம் வைத்தால் காய்ந்த சருகுதான் மிஞ்சும்.

ரேப்பரிலும் அப்படித்தான். பிராட்லீஃப், கொரோஹோ, சுமத்ரா வகைகள் கனமானவை, தாங்கும். கனெக்டிகட் ஷேட் வேறு ஜாதி. 1900-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்கில் துணிப்பந்தல் போட்டு, வெயிலை மட்டுப்படுத்தி வளர்க்கத் தொடங்கிய இலை அது. பட்டுப் போல மெல்லியது, நிறம் வெளிர், சுவையும் மென்மை. மென்மையானதை மேலும் மென்மையாக்க என்ன இருக்கிறது? அதனால் ராக்கி படேல் மூன்றில் 1999-ஐ நான் கடைசியில்தான் வைப்பேன். கெட்டது இல்லை, ஆனால் அதில் வயது செய்த வேலையை நாக்கில் கண்டுபிடிப்பது கஷ்டம். வின்டேஜ் 1992 சிகாரில் அது நன்றாகத் தெரிகிறது.

இன்னொன்று: கறுப்பாக இருக்கிற சிகார் பழசு என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். மதூரோ என்கிற அந்தக் கரும்பழுப்பு நிறம் பெரும்பாலும் கனத்த இலையை அதிகச் சூட்டில், அதிக நாள் புழுங்க விட்டதால் வருவது. இரண்டு வருட இலையும் கறுப்பாக இருக்கலாம், பத்து வருட இலையும் பொன்னிறமாக இருக்கலாம். நிறத்தைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது.

இலைக்கு வயது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1990களின் அமெரிக்காவே சாட்சி. 1992-இல் அந்த நாட்டுக்கு இறக்குமதியான கைச்சிகார்கள் சுமார் 10 கோடி. அதே வருடம்தான் ‘சிகார் அஃபிசியோனாடோ’ பத்திரிகை தொடங்கியது. நடிகர்கள் அட்டையில் சிகாரோடு வந்தார்கள், ஊரெல்லாம் சிகார் மோகம். 1997-இல் இறக்குமதி 40 கோடியைத் தாண்டிவிட்டது. ஐந்தே வருடத்தில் நாலு மடங்கு! இலையோ அப்படி வளராது. பயிர் செய்து, உலர்த்தி, புழுங்க விட்டு, இருப்பு வைத்து எடுக்க மூன்று நான்கு வருடம் வேண்டும். டொமினிக்கன் குடியரசிலும் ஹோண்டுராஸிலும் நிகராகுவாவிலும் திடீர்த் தொழிற்சாலைகள் முளைத்தன, அரைகுறையாகப் புழுங்கிய இலையை அப்படியே சுருட்டி அனுப்பின. பிடித்தவர்களுக்குத் தலைவலியும் நாக்கில் உலோகச் சுவையும்தான் மிச்சம். மோகம் அடங்கியதும் அந்தத் திடீர்க் கம்பெனிகளில் பெரும்பாலானவை காணாமல் போயின. இருப்பு வைத்திருந்தவர்கள் நின்றார்கள். ‘இது பழைய இலை’ என்று சொல்லி விற்பதற்கு அதன் பிறகு ஒரு மதிப்பு வந்ததில் ஆச்சரியம் இல்லை. வாங்குகிறவர்களுக்கே வித்தியாசம் புரிந்திருந்தது.

அப்படி நின்றவர்களில் நான் அதிகம் மதிப்பது பத்ரோன் குடும்பத்தை. ஹோசே ஒர்லாந்தோ பத்ரோன் 1926-இல் கியூபாவின் பினார் தெல் ரியோவில் புகையிலைக் குடும்பத்தில் பிறந்தவர். புரட்சிக்குப் பிறகு நாட்டைவிட்டு வந்து, மயாமியில் தச்சு வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் 1964-இல் சிகார் செய்யத் தொடங்கினார். நல்ல இலையைத் தேடி நிகராகுவாவின் எஸ்தெலிக்குப் போனார். 1978 கலவரத்தில் அங்கிருந்த தொழிற்சாலை எரிந்தது. மீண்டும் கட்டினார். 2017-இல் காலமானார். தங்கள் சிகாரின் பெயரில் எந்த அறுவடை ஆண்டையும் போடாத கம்பெனி அது. பட்டையில் இருக்கிற 1926 அவர் பிறந்த வருடம், 1964 கம்பெனி தொடங்கிய வருடம். ஆனால் வயதான இலை என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த பாடசாலை இல்லை. காரணம், எந்த வரிசைக்கு எத்தனை வருட இலை என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய சாதாரண வரிசையில் இரண்டரை வருட இலை. 1994-இல் வந்த 1964 ஆனிவர்சரியில் நான்கு வருடம். 1926 வரிசையில் ஐந்து. ஃபேமிலி ரிசர்வில் பத்து. எல்லாமே நிகராகுவா இலை, வெயிலில் வளர்ந்த ஹபானோ வகை. வேறுபாடு வயதிலும் இலைத் தேர்விலும் கலவையிலும்தான்.

சாதாரண பத்ரோனை முதலில் பிடியுங்கள். மண் வாசனை, மிளகு உறைப்பு, கறுங்காப்பிக் கசப்பு மூன்றும் முகத்துக்கு நேராக வரும். நல்ல சிகார்தான், ஆனால் ஒவ்வொரு சுவையும் தனித்தனியாக நிற்கும். அடுத்து 1964. அதே காப்பி, அதே மிளகு, ஆனால் விளிம்பெல்லாம் மழுங்கி ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருக்கும். கோகோவின் இனிப்பு ஒன்று நடுவில் தலைகாட்டும். புகையை மூக்கு வழியாக மெதுவாக விட்டுப் பாருங்கள், சாதாரணத்தில் எரிந்த இடத்தில் இதில் மணம் மட்டும் இருக்கும். நான்கு வருடத்தின் வேலை அது. ஐந்து வருட இலை இன்னும் சாதுவாக இருக்கும் என்று எதிர்பார்த்து 1926-க்குப் போனால் அது 1964-ஐவிடக் கனமாக இறங்கும். வயது கூடியும் வீரியம் கூடியிருக்கிறதே, எப்படி? தேர்ந்தெடுத்த இலையும் கலவையும் வேறு. கனத்த இலையைக் கூட வைத்திருக்கிறார்கள், அதை அடக்கி ஆளத்தான் கூடுதல் வருடம். சிகாரில் வயதுக்கு உண்மையான உபயோகம் இதுதான் என்பது என் கருத்து. சாதாரணமாகச் சுருட்டினால் பிடிக்கவே முடியாத முரட்டு இலையைப் பிடிக்க முடிகிற இலையாக ஆக்குவது. பத்து வருட ஃபேமிலி ரிசர்வில் அது உச்சம். ஆனால் அதன் விலையும் உச்சம். 1964-க்கும் அதற்கும் இருக்கிற சுவை வித்தியாசத்தைவிட விலை வித்தியாசம் பெரியது. வருடத்துக்கு ஒன்று என்றால் சரி, அதற்கு மேல் 1964 போதும்.

விலை ஏன் இப்படி ஏறுகிறது என்று கோபப்படுவதில் முழு நியாயம் இல்லை. இலையை வாங்கியோ விளைவித்தோ பத்து வருடம் கிடங்கில் வைத்தால் அந்தப் பணம் பத்து வருடம் முடங்கிக் கிடக்கிறது. எடை குறையும், சிலது உடையும், சிலது பூச்சி அரிக்கும். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு நல்ல அறுவடை வந்திருக்கவும் வேண்டும். 1979, 1980-இல் நீலப் பூஞ்சை நோய் கியூபாவின் பயிரைச் சூறையாடியது. அப்படிப்பட்ட வருடத்து இலையை யார் இருப்பு வைப்பார்? சொந்த நிலமும் சொந்தக் கிடங்கும் இருக்கிற பத்ரோன், ஃபுவெந்தே, 1865-இலிருந்து பயிர் செய்கிற பிளசென்சியா போன்ற குடும்பங்களால்தான் இதை நிதானமாகச் செய்ய முடிகிறது. நிலமோ கிடங்கோ இல்லாத ஒரு புதுப் பெயர், பதினைந்து வருட இலை என்று சொல்லிக்கொண்டு வந்தால், எங்கிருந்து வாங்கினீர்கள் என்று கேட்பதில் தப்பில்லை.

கையில் எடுத்தபின் எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் விரலால் லேசாக அழுத்துங்கள். எங்கும் ஒரே சீராக அமுங்கி எழ வேண்டும். ஓரிடத்தில் கல் போலவும் ஓரிடத்தில் பஞ்சு போலவும் இருந்தால் சுருட்டியது சரியில்லை, நூறு வருட இலையானாலும் அது எரியாது. ரேப்பரில் மெல்லிய எண்ணெய் மினுமினுப்பு இருக்க வேண்டும். உலர்ந்து, ஓரத்தில் வெடித்திருந்தால் வேண்டாம். தலைப்பகுதியின் மூடியை மட்டும் வெட்டுங்கள், அதற்குக் கீழே போனால் ரேப்பர் அவிழ்ந்துவிடும். நம் திருச்சி சுருட்டுக்கு இரண்டு முனையும் திறந்தே இருப்பதால் இந்த வேலை அங்கே கிடையாது. வெட்டியதும் பற்ற வைக்காமல் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். வயதான இலையில் இந்த வெற்று இழுப்பிலேயே உலர்திராட்சை, மரம், கொஞ்சம் கோகோ என்று ஏதாவது கிடைக்கும். தீக்குச்சியோ கேஸ் லைட்டரோ போதும், பெட்ரோல் லைட்டர் மட்டும் கூடாது. நெருப்பைத் தொடாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, சுற்றிச் சுற்றி வாட்டிப் பற்ற வையுங்கள். அப்புறம் நிமிடத்துக்கு ஓர் இழுப்பு. அதற்கு மேல் அவசரப்பட்டால் சூடேறி, எந்தச் சிகாரும் கசக்கும்.

சாம்பல் வெள்ளையாக இருந்தால் உயர்ந்த சிகார் என்று ஒரு பேச்சு உண்டு. மண்ணில் உள்ள மெக்னீசியம் போன்ற தாதுக்களைப் பொறுத்தது அது, தரத்துக்கு அத்தாட்சி இல்லை. நான் கவனிப்பது கடைசி மூன்றில் ஒரு பங்கை. முதல் அங்குலம் எல்லா நல்ல சிகாரிலும் இனிமையாகத்தான் இருக்கும். புகையின் எண்ணெயும் தாரும் சேர்ந்து சூடு கூடும் அந்தக் கடைசிப் பகுதியில்தான் பச்சை இலை காட்டிக்கொடுக்கும். அங்கே போயும் காரல் இல்லாமல், அணைந்து திரும்பப் பற்ற வைத்தாலும் பழைய சாம்பல் கிண்ணத்தின் நாற்றம் வராமல் இருந்தால், வயதுக்குக் கொடுத்த காசு வீணாகவில்லை.

வெறும் வயிற்றில் மட்டும் பிடிக்க வேண்டாம். முன்பு சொன்னபடி நிகோடின் வாயிலிருந்தே ஏறுவதால் தலை சுற்றி, வியர்த்து, வாந்தி வரும். அப்படி வந்தால் சிகாரை வைத்துவிட்டு ஒரு கடலைமிட்டாயோ சர்க்கரைத் தண்ணீரோ சாப்பிட்டால் பலருக்கு அடங்கும். கூடக் குடிக்க, சர்க்கரை போடாத ஃபில்டர் காப்பியை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் கட்சி.

சென்னை மாதிரி ஊரில் இருக்கிறவருக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பழைய இலைக்குக் கூடக் கொடுத்து வாங்கி அலமாரியில் போட்டுவைத்தால் இரண்டே மாதத்தில் நாசம். சிகாருக்கு வேண்டியது 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும் 18 முதல் 21 டிகிரி வெப்பமும். சென்னைக் காற்றில் ஈரம் அதற்கு மேல், வெயில் அதற்கு மிக மேல். பூஞ்சை பிடிக்கும். அதைவிடப் பெரிய வில்லன் புகையிலை வண்டு. இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், முட்டை இலைக்குள்ளேயே வந்திருக்கும், வெப்பம் 24, 25-ஐத் தாண்டினால் பொரித்து வெளியே வந்து குண்டூசித் துளையாகத் துளைத்துவிடும். வீட்டில் மஞ்சள் தூளிலும் மல்லியிலும் வருகிற அதே வண்டு, ஆகவே பெட்டியைச் சமையலறைப் பக்கமே வைக்காதீர்கள். ஏசி அறையில் திறந்து வைத்தால் வேறு தொல்லை: காய்ந்து ரேப்பர் வெடிக்கும். செலவில்லாத வழி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் 65 அல்லது 69 சதவீத ஈரப்பதப் பொட்டலம் ஒன்றைப் போட்டு, வீட்டில் இருப்பதிலேயே குளிர்ச்சியான இடத்தில் வைப்பது. வண்டு பயம் இருந்தால் இறுக மூடிய பையில் மூன்று நாள் ஃப்ரீசரில், ஒரு நாள் ஃப்ரிட்ஜில், அப்புறம் வெளியே. நேராக ஃப்ரீசரிலிருந்து வெயிலுக்கு எடுத்தால் விரிந்து வெடித்துவிடும்.

போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலை கூடினால் போலி வரும், கியூபா சிகார்களில் இது மிக அதிகம். கண்ணாடி மூடி போட்ட கோஹிபா பெட்டி என்று யாராவது காட்டினால் அங்கேயே திரும்பிவிடுங்கள். அசல் கியூபா பெட்டியின் அடியில் தொழிற்சாலைக் குறியும் மாதமும் வருடமும் முத்திரையாக இருக்கும். பத்ரோன் 1964-இலும் 1926-இலும் ஒவ்வொரு சிகாருக்கும் இரண்டாவதாக ஒரு பட்டை, அதில் தனி எண். எண் இல்லாததை வாங்க வேண்டாம்.

கேட்டவருக்கு இனி நேரடிப் பதில். அடுத்த முறை அந்தக் கடையில் 1990-ஐயே எடுக்க வேண்டும் என்று இல்லை. வின்டேஜ் 1992 ஒன்று, சின்ன அளவில் பத்ரோன் 1964 ஒன்று, சாதாரண பத்ரோன் ஒன்று வாங்குங்கள். கடைக்காரரிடம் எந்த இலைக்கு எத்தனை வயது என்று கேளுங்கள், சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குவதே நல்லது. பயணத்தில் அலைந்து வந்த சிகாரை அன்றே பற்ற வைக்காமல் ஒரு வாரமாவது டப்பாவில் ஓய்வெடுக்க விடுங்கள். அப்புறம் சில வாரம் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சாதாரண பத்ரோனில் தொடங்கிப் பிடித்துப் பாருங்கள். முதலாவதுக்கும் 1964-க்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் வயதான இலைக்காக இனி ஒரு ரூபாயும் கூடக் கொடுக்க வேண்டாம், சாதாரணமே உங்களுக்குப் போதுமானது.